நெடுந்தொடர் நுகர்ச்சியும் நாணமும்

முன்னுரை

தொலைக்காட்சியில் நாள்தோறும் வரும் குடும்பக் கதைகளைத் தமிழகத்தில் காணாதார் சிலர். காண்பதாக ஒப்புக்கொள்வார் அவரினும் சிலர். கற்றார் ஒருவரை வினவின், "நான் பார்ப்பதில்லை, வீட்டில் பார்ப்பார்கள், காதில் விழும்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அங்ஙனம் விடை கூறியவரே, பேச்சு வளருங்கால், அக்கதையில் மாமியார் செய்த சூழ்ச்சியை முறை பிறழாது எடுத்துரைத்தலும் உண்டு. துய்க்கும் இன்பம் ஒருபுறமும், அதனைத் துய்ப்பதாகச் சொல்ல நாணுதல் மறுபுறமுமாக நிற்கும் இந்நிலை ஆராயத்தக்கது.

வள்ளுவர் 'நாணுடைமை' என்னும் அதிகாரத்தில், தகாத செயல் பற்றி நாணுதலையும் மகளிர்க்கு இயல்பாய் அமைந்த நாணத்தையும் வேறுபடுத்திக் காட்டுவர். தகாத செயலுக்கு நாணுதல் அறம். ஆயின், தொடர் காண்பார் கொள்ளும் நாணம் அவ்வகையைச் சார்ந்ததா? அன்றி, பிறர் இகழ்வர் என்னும் அச்சமே நாணமாகத் தோன்றுகின்றதா? இவ்வினாவிற்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை இவ்வாய்விற்குக் களமாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. இரவுதோறும் தொடர்ந்து நிகழும் கதையைக் கண்டு அழுதல் இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. திரௌபதியம்மன் விழாக்களில் பாரதக் கதையைப் பல இரவுகள் கூத்தாக ஆடுவது இங்குத் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பழைய தொடரும் புதிய தொடரும் ஓரூரிலேயே, ஒரு குடும்பத்தார் கண்முன்னரேயே நிகழ்கின்றன. பழையதைக் காண்பார்க்கு நாணமில்லை. புதியதைக் காண்பார்க்கு உண்டு. இவ்வேறுபாட்டை நுணுகி நோக்கின் நாணத்தின் வேர் புலப்படும் என்பது எம் கருத்து.

சொல்லும் பொருளும்

இவ்வகைக் கதையைக் கற்றோர் 'நெடுந்தொடர்' என்பர். இதழாளர் 'சின்னத்திரைத் தொடர்' என்பர். பொதுமக்கள் 'சீரியல்' என்பர். ஆயின், முதிய பெண்டிர் பலர் இதனை 'நாடகம்' என்றே வழங்குகின்றனர். மாலையில் விளக்கேற்றியபின், "நாடகம் போட்டுட்டான்" என்று ஒருவரையொருவர் அழைத்தலைக் கேட்கின்றோம். இதே பெண்டிர், கோயில் வெளியில் விடியவிடிய நிகழும் கூத்தினையும் 'நாடகம்' என்பர். கூத்துக் குழுவினரும் தம் குழுவிற்கு 'நாடக சபா', 'நாடக மன்றம்' எனப் பெயரிட்டுக் கொள்ளுதல் வடதமிழகத்தில் பெருவழக்கு. மக்கள் நாவில் ஒரு சொல் இரு பொருளுக்கும் உரியதாயின், அவ்விரண்டிடையே அவர்கள் ஓர் ஒற்றுமையைக் காண்கின்றனர் என்பது பெறப்படும். கற்றோர் வேறு வேறாகப் பகுத்து வைத்தவற்றை மக்கள் வழக்கு ஒன்றாகவே கொண்டுள்ளது.

ஆங்கிலத்தார் இட்ட 'சோப் ஆப்பெரா' என்னும் பெயரோ இகழ்ச்சி பொதிந்தது. 1930களில் அமெரிக்க வானொலியில், பகற்பொழுதில் வீட்டுவேலை செய்யும் மகளிரைக் கருதி, குடும்பக் கதைகளை நாள்தோறும் சிறுசிறு பகுதிகளாக ஒலிபரப்பினர். அவற்றிற்குப் பொருள் தந்து விளம்பரம் செய்து கொண்டோருள் சோப்பு வணிகர் முதன்மையானவர். ஆப்பெரா என்பது மேலைநாட்டார் மிக உயர்ந்ததாக மதிக்கும் இசைநாடகம். அதனைச் சோப்போடு சேர்த்துப் பெயரிட்டமையால், இது மட்டமான சரக்கு என்னும் எள்ளல் பெயரிலேயே அமைந்துவிட்டது. நாணத்தின் ஒரு விதை இப்பெயரிலேயே உளது. தமிழ் மக்கள் இட்ட 'நாடகம்' என்னும் பெயரில் இவ்வெள்ளல் இல்லை என்பது நினைவிற்குரியது.

தொடர் வந்த வழி

1930இல் சிகாகோ வானொலிக்கு இர்னா பிலிப்ஸ் என்னும் பெண்மணி எழுதிய 'பெயின்டெட் டிரீம்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி என்பர். 1937இல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' என்னும் தொடர் 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை நடைபெற்றது. ஒரு கதை 72 ஆண்டுகள் முடிவின்றி நீண்டது என்பதை இங்கு மனங்கொள்க. இதன் பயன் பின்னர் விளங்கும்.

இந்தியாவில் 1984 சூலையில் தூர்தர்ஷன் 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடரைத் தொடங்கியது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதிய அத்தொடரில், ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் கதையின் படிப்பினையை அவையோர்க்குக் கூறுவார். கூத்தில் கட்டியங்காரன் இடையிடையே தோன்றிக் கதையை விளக்குவதோடு இஃது ஒப்புநோக்கத்தக்கது. 1987 சனவரி முதல் 1988 சூலை வரை இராமாயணமும், 1988 அக்டோபர் முதல் 1990 சூன் வரை மகாபாரதமும் ஞாயிறுதோறும் ஒளிபரப்பாயின. அந்நாளில் நீராடிப் பெட்டிக்கு மாலையிட்டுக் கற்பூரம் காட்டிக் கண்டோர் உண்டு. கருவி அதுவே, தொடர்ந்து வரும் கதையமைப்பும் அதுவே. ஆயினும் அன்று நாணம் எழவில்லை. எனவே, தொலைக்காட்சி என்னும் கருவியோ தொடர் என்னும் வடிவமோ நாணத்திற்குக் காரணம் அன்று என்பது தெளிவு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி வந்தபின், தமிழில் தொடர்கள் பெருகின. சித்தி (1999–2001), மெட்டி ஒலி (2002–2005), கோலங்கள் (2003–2009) ஆகியவை இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தன எனலாம். மெட்டி ஒலி 800க்கும், கோலங்கள் 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளாக நீண்டன. 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியமையால், கூரை வீட்டிலும் தொடர் புகுந்தது. அதற்குமுன் பெட்டியுடைய வீட்டு வாயிலில் கூடி நின்று கண்டவர், பின்னர்த் தத்தம் வீட்டினுள் தனித்திருந்து காணலாயினர். இம்மாற்றமும் நம் ஆய்விற்கு இன்றியமையாதது.

கற்பியற் கதை

தமிழ்த் திரைப்படத்திற்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் உள்ள பொருள் வேறுபாட்டை நம் அகத்திணை மரபு கொண்டு எளிதில் விளக்கலாம். திரைப்படத்தின் காதற்கதை பெரும்பாலும் களவியலைச் சார்ந்தது. தலைவனும் தலைவியும் எதிர்ப்படுதல், இடையூறு நேர்தல், உடன்போக்கு எனச் சென்று மணத்தோடு அது முடிவுறும். தொடரோ மணத்தில் தொடங்கும். தலைவி புகுந்த வீட்டில் எவ்வாறு வாழ்கின்றாள், கணவன் மனம் பிறள்பால் சென்றவழி என்செய்கின்றாள், பிறந்தகத்திற்கும் புகுந்தகத்திற்கும் இடையே எங்ஙனம் நிற்கின்றாள் என்பனவே அதன் பொருள். ஆதலின் அது கற்பியலின்பாற்படும்.

மணத்தோடு கதை தொடங்குதல் தமிழ்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் கண்ணகி, கோவலன் மணத்தோடுதான் தொடங்குகின்றது. கணவன் பிரிவு, பிறள் ஒருத்தியின் தொடர்பு, செல்வ இழப்பு, ஊர்விட்டு ஊர் செல்லல், பழி, நீதி கேட்டல் என அக்காப்பியத்தில் வரும் நிகழ்ச்சிகள் எவையும் இற்றைத் தொடர்க்கு அயலானவை அல்ல. காப்பிய மாண்பு தொடர்க்கு உண்டு என்பது எம் கூற்றன்று. பொருள் ஒன்று என்பதே கூற்று.

ஓரிடத்தில் மட்டும் தொடர் பழைய மரபினின்றும் விலகுகின்றது. தொல்காப்பியர் கற்பில் கூற்று நிகழ்த்துவோராகத் தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாணன், விறலி, பரத்தை முதலியோரைக் கூறுவர். அவருள் மாமியார்க்கு இடமில்லை. தொடரிலோ மாமியாரும் நாத்தனாரும் ஓரகத்தியும் கதையின் நடுநாயகம். அகப்பாடல் பேசாது விட்ட ஓர் உறவினைத் தொடர் முழுப்பொருளாக எடுத்துக்கொண்டது. 'சித்தி' என்னும் தொடர், மாற்றாந்தாய் கொடியவள் என்னும் பழங்கதை வழக்கினை மாற்றி, கணவனின் முதல் மனைவி மகளைத் தன் மகளாகக் கொள்ளும் ஒருத்தியை வைத்தது. 'மெட்டி ஒலி' ஐந்து பெண்களை வளர்த்து மணஞ்செய்து கொடுக்கும் தந்தையின் கவலையைப் பொருளாகக் கொண்டது. 'கோலங்கள்' தன் உழைப்பால் குடும்பத்தைத் தாங்கும் மூத்த மகளைத் தலைவியாக்கியது. 2022 முதல் 2024 வரை வந்த 'எதிர்நீச்சல்', கல்வி கற்ற மருமகளிர் ஒரு குடும்பத் தலைவனின் ஆணைக்குள் அடங்கி வாழ்தலையும் மீள முயலுதலையும் காட்டிற்று. பெண்ணின் வாழ்நாளில் மணத்திற்குப் பின்வரும் நாற்பது ஆண்டுகளைப் பற்றிப் பிற கலைகள் பேசாதிருக்க, தொடர் மட்டுமே பேசிற்றாயின், அதன்பால் மகளிர் மனஞ்செல்லுதல் வியப்பன்று.

அலர்

தொடர் இன்பம் காணுங்காலத்தோடு முடிவதில்லை. மறுநாள் காலை குழாயடியிலும், வயலில் களையெடுக்கும்போதும், ஆசிரியர் அறையிலும், பேருந்திலும் முந்தைய இரவின் கதை பேசப்படும். நம் இலக்கணத்தார் இத்தகைய பேச்சிற்கு 'அம்பல்', 'அலர்' எனப் பெயரிட்டனர். குறிப்பாற் புறஞ்சொல்லுதல் அம்பல். வெளிப்படையாகப் பலரறியப் பேசுதல் அலர். அகப்பாடலில் அலர் தலைவிக்குத் துன்பம் தரும். ஏனெனின், பேசப்படுவோள் அவ்வூரில் வாழும் பெண்ணே. தொடரிலோ பேசப்படுவோள் கதைமாந்தர். எனவே, ஒருவர்க்கும் ஊறு விளையாமல், மணவாழ்வைப் பற்றியும் மாமியார் கொடுமை பற்றியும் பெண்கள் தம்முள் மனந்திறந்து பேச வாயில் உண்டாகின்றது. தன் வீட்டுத் துன்பத்தைச் சொல்ல இயலாதவள், தொடரின் தலைவி துன்பத்தைச் சொல்லுவாள். கேட்போளும் சொல்லப்படுவது யாது என்பதை உணர்வாள்.

அழுகை என்னும் மெய்ப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அழுகையை ஒன்றாக வைத்து, அது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு காரணத்தால் தோன்றும் என்பர். பிறரால் இகழப்படுதல், உரியோரை அல்லது உடைமையை இழத்தல், நிலையில் தளர்தல், பொருளின்மை ஆகிய இந்நான்கினையும் வரிசையாக எழுதி, இற்றைத் தொடர் எதனோடேனும் ஒட்டிப் பார்ப்பின், கதைத் திருப்பம் ஒவ்வொன்றும் இவற்றுள் ஒன்றில் அடங்கக் காணலாம். பேராசிரியர், அழுகையைத் தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என இருவகையாகப் பகுப்பர். தொடர் காண்பாள் பிறள் அவலம் கண்டு அழத் தொடங்கித் தன் அவலத்திற்கு அழுது முடிக்கின்றாள். இருவகையும் ஓரிடத்துக் கலத்தலே இவ்வின்பத்தின் இயல்பு.

"தொடரில் வருவன மெய்யல்ல, உறங்கும்போதும் பட்டும் நகையும் அணிந்திருக்கின்றனர், இவற்றைக் கண்டு அழுதல் பேதைமை" என்பது கற்றோர் கூறும் குறை. இதற்கும் நம் மரபில் விடை உண்டு. தொல்காப்பியர் அகப்பொருளை நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த புலனெறி வழக்கமாகக் காட்டுவர். பட்டும் நகையும், ஒரு சொல் கேட்டவுடன் ஒவ்வொருவர் முகத்தையும் மும்முறை காட்டுதலும் நாடக வழக்கு. மகள் வீட்டிலிருந்து வரும் செய்திக்குத் தந்தை அஞ்சி நிற்றல் உலகியல் வழக்கு. காண்போர் முன்னதை முன்னதாகவே அறிவர், அழுவது பின்னதற்கு.

மேலைநாட்டிலும் இம்முடிபினையே ஓர் ஆய்வாளர் கண்டுள்ளார். இயன் ஆங் என்பார் 'டல்லாஸ்' என்னும் அமெரிக்கத் தொடரை விரும்புவோரும் வெறுப்போரும் தம் கருத்தை எழுதுமாறு நெதர்லாந்து நாட்டு மகளிர் இதழொன்றில் அறிவித்து, வந்த 42 கடிதங்களை ஆய்ந்து 1982இல் நூல் எழுதினார். செல்வர் வாழ்க்கையைக் காட்டும் அத்தொடர் தம் வாழ்வோடு ஒவ்வாது என்பதைக் காண்போர் அறிந்தே இருந்தனர். உணர்ச்சி மட்டில் அதனை உண்மையெனக் கொண்டனர். விரும்பியோருட் பலர் அவ்விருப்பத்திற்குச் சமாதானம் கூறியே எழுதினர். வெறுத்தோரோ எவ்வகைத் தயக்கமும் இன்றி எழுதினர். வெகுமக்கள் கலை தாழ்ந்தது என்னும் கொள்கை ஊரெங்கும் பரவியிருத்தலின், வெறுப்போர்க்குச் சொற்கள் ஆயத்தமாய்க் கிடைத்தன. விரும்புவோர்க்குக் கிடைக்கவில்லை என்பது அவர் கண்ட முடிபு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் "காதில் விழும்" என்னும் விடை பிறப்பது இக்காரணம் பற்றியே எனலாம்.

கூத்துக்களம்

இனி, இவ்வட்டாரத்தின் பழைய தொடரை நோக்குவாம். விழுப்புரம் மாவட்டம் 1993இல் பழைய தென்னார்க்காட்டினின்றும் பிரிக்கப்பட்டது. செஞ்சி, திண்டிவனம் சூழலில் திரௌபதியம்மன் கோயில்கள் மிகப்பல. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை இவ்வழிபாட்டின் மூலமாகப் போற்றும் மரபுண்டு. இவ்விழாக்களை நேரிற் கண்டு ஆய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988இலும் 1991இலும் இரு தொகுதிகளாகப் பெருநூல் வெளியிட்டார். பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரினர். அவரைப் புரந்தவன் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான். ஆகவே பாரதம் இந்நிலப்பகுதிக்கு நெடுங்காலமாக உரிமை பூண்ட கதை.

விழாக்காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கம் நிகழும். இரவில் கூத்து நிகழும். சில ஊர்களில் பத்து நாள், சில ஊர்களில் பதினெட்டு நாள், அதற்கு மேலும் உண்டு. வில்வளைப்பு, சுபத்திரை மணம், துகிலுரிதல், அருச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என நாளுக்கொரு பகுதியாகக் கதை செல்லும். நேற்று விட்ட இடத்தைச் சொல்லி இன்று தொடங்குதலும், நாளை வருவதைக் கருதி மக்கள் காத்திருத்தலும் இங்கும் உண்டு. கதைப்பொருளும் அயலதன்று. பங்காளிகளின் நிலப்பங்குப் பூசல். சூதில் உடைமை இழத்தல். புகுந்த வீட்டில் பெரியோர் முன்னிலையில் மருமகள் இழிவுபடுத்தப்படுதல். இளமகனை இழந்த தாயின் அழுகை. இளிவு, இழவு, அசைவு, வறுமை நான்கும் இங்கும் உள.

அங்ஙனமாயின், கூத்துக் காண்பார் நாணாமையும் தொடர் காண்பார் நாணுதலும் எதனால்? மூன்று வேறுபாடுகள் புலனாகின்றன.

முதலாவது, பொழுதிற்கு உரிமை. விழா நாளில் இரவெல்லாம் விழித்திருக்கப் பெண்ணுக்கு ஊரே ஒப்புதல் தருகின்றது. அது நோன்பு, கடமை. தொடர் காணும் அரைமணிக்கு அத்தகைய ஒப்புதல் இல்லை. உலை கொதிக்கின்றது, பிள்ளை பாடம் படிக்க வேண்டும், கணவர் வரும் நேரம். அவ்வரைமணி பிறர்க்குரிய பொழுதினின்றும் திருடியதாகக் கருதப்படுகின்றது. ஆடவர் நாள்முழுதும் மட்டைப்பந்து ஆட்டத்தைக் கண்டிருப்பினும் அதனை எவரும் திருட்டென்னார். ஆதலின் இங்கு நாணத்திற்குக் காரணம் கதையன்று. பெண்ணின் ஓய்வு அவளுக்கு உரியதன்று என்னும் எண்ணமே. ஆடவரும் தொடரை விரும்பிக் காண்கின்றனர். ஆயினும் 'பெண்கள் பார்ப்பது' என இழிவாகக் கருதப்பட்டதைத் தாம் காண்பதாகச் சொல்ல அவர் பின்னும் நாணுகின்றனர்.

இரண்டாவது, கூடியிருத்தல். கூத்தில் அழுவாள் தனித்து அழுவதில்லை. சித்திரை முழுநிலவினை ஒட்டிக் கூவாகத்தில் நிகழும் கூத்தாண்டவர் விழாவை நோக்குக. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த அவ்வூர் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தது. அரவானுக்குத் தாலி கட்டிக் கொண்ட திருநங்கையர், மறுநாள் அவன் களபலியின் பொருட்டுத் தாலி அறுத்துக் கூடி ஒப்பாரி வைக்கின்றனர். அழுகை ஆங்கு வழிபாடு. யாரும் யாரையும் நகையார். தொடரோ கூட்டத்தினின்றும் குடும்பத்திற்கும், குடும்பத்தினின்றும் தனியொருவர்க்கும் சுருங்கிவிட்டது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வழியில், பேருந்தில் காதுக்கருவி பொருத்தி அலைபேசியில் தொடர் காண்பாரைப் பலகால் காண்கின்றோம். பக்கத்திருப்பவர் நோக்கின் திரையைச் சற்றே சாய்த்துக் கொள்வர். புதினம் தமிழகத்தில் பரவிய காலத்தும் இவ்வாறே நிகழ்ந்தது. கூடியிருந்து கேட்கும் படிப்பு தனித்துப் படிக்கும் படிப்பாக மாறியதையும், அக்காலத்தார் நாவல் படிப்பைக் குறித்துக் கொண்ட அச்சத்தையும் ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்னும் தம் நூலில் ஆராய்ந்துள்ளார். அன்று நாணத்திற்குரியதாக இருந்த நாவல் இன்று நம் துறைகளில் பாடம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' இன்று எவர்க்கும் நாணம் தருவதில்லை.

முடிபு இன்மை

மூன்றாம் வேறுபாடே யாம் முதன்மையாகக் கருதுவது. கூத்திற்கு முடிபு உண்டு. இறுதி நாளில் துரியோதனன் உருவம் மண்ணாற் பெரிதாக அமைக்கப்பட்டுப் படுகளம் நிகழும். விரித்த கூந்தலோடு நின்ற திரௌபதி, சூளுரைத்தபடி கூந்தல் முடிப்பாள். அதன்பின் தீமிதி நிகழும். பல இரவுகள் சேர்த்து வைத்த அழுகையும் வெகுளியும் அன்று நிறைவெய்துகின்றன. காண்போர் தம் வீடு திரும்புங்கால், அவலம் ஓர் எல்லை கண்டது என்னும் அமைதியோடு திரும்புகின்றனர். கொடியோனை நடிப்பவனுக்கும் அங்கு ஓர் எல்லை உண்டு. துச்சாதனன் வேடம் பூண்டார் துகிலுரியுமுன் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்குதல் பலவிடத்து வழக்கம். செய்யப்போவது பிழை என்பதை அவையோர்க்கு அது உணர்த்தும்.

தொடரில் இவ்வெல்லை இல்லை. கூந்தல் முடிக்கும் நாள் தள்ளிப்போடப்படுகின்றது. ஒரு சூழ்ச்சி வெளிப்படுமுன் மற்றொன்று தொடங்கும். விளம்பர வருவாய் உள்ள மட்டும் கதை நீளும். அவ்வருவாய் குன்றியவழி ஒரு வாரத்தில் அனைவரும் திருந்திக் கதை திடீரென முடியும். இரண்டிடத்தும் முடிபு கதையினின்றும் பிறப்பதன்று, வணிகத்தினின்றும் பிறப்பது. 'எதிர்நீச்சல்' தொடரில் குடும்பத் தலைவனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். அவ்வேடத்தைப் பின்னர் வேறொருவர் ஏற்றுக் கதை தொடர்ந்தது. நடிகர் மறைந்தும் கதை நில்லாது செல்லுதல் இவ்வகையின் இயல்பினை நன்கு காட்டும்.

தொல்காப்பியர் கூறும் வெகுளியின் காரணங்களுள் 'குடிகோள்' ஒன்று. குடிக்குக் கேடு சூழ்தல் என்க. தொடர் அதனை நாள்தோறும் எழுப்புகின்றது; தீர்ப்பதில்லை. தலைவி பொறுத்துப் பொறுத்தே பெருமை பெறுவாள் எனக் காட்டும்போது, காண்பாள் தன் வீட்டுக் கொடுமைக்கும் பொறுமையே மருந்தென எண்ணவும் இடமுண்டு. தொடர் காண்பார் மனத்தில் ஏதோ ஒன்று நிறைவுறாமல் நிற்கின்றது. அந்நிறைவின்மையையும் அவர் குற்றவுணர்வாகவே கொள்கின்றனர். பிழை காண்போருடையதன்று, கதையை முடிக்கத் தெரியாதாருடையது.

எனினும், தொடரும் தொலைக்காட்சியும் பெண்ணைத் தாழ்த்தவே செய்தன என்பதும் பொருந்தாது. இராபர்ட் சென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் பொருளியலறிஞர் இருவர், தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில மாநிலச் சிற்றூர்களில் 2001 முதல் 2003 வரை திரட்டிய செய்திகளைக் கொண்டு 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கேபிள் தொலைக்காட்சி வந்த ஊர்களில், கணவன் மனைவியை அடித்தல் தகும் என்பாரும், ஆண்மகவே வேண்டும் என்பாரும் குறைந்தனர். வீட்டு முடிவுகளில் பெண்ணின் பங்கு கூடியது என்று அவர்கள் கண்டனர். தொடர் ஒன்றினால் மட்டும் இது விளைந்தது எனல் இயலாது. ஆயினும், நகரத்துப் பெண் வேலைக்குச் செல்லுதலையும், தன் கருத்தைச் சொல்லுதலையும் சிற்றூர்ப் பெண் நாள்தோறும் கண்டது பயனின்றிப் போகவில்லை என்பது பெறப்படும்.

ஆய்வாளர் கடமை

நாணத்தினால் விளையும் கேடு ஒன்றுண்டு. நாணுவதை எவரும் ஆராயார். கூத்தும் ஒருகாலத்தில் கற்றோரால் 'தெருவில் ஆடுவது' எனப் புறக்கணிக்கப்பட்டது. ஏட்டில் எழுதப்படாது போன ஆட்டங்கள் பல. நெடுந்தொடரோ பதிவு செய்யப்பட்டே ஒளிபரப்பாகின்றது. எனினும் அவற்றைத் தொகுத்து, காலமுறைப்படுத்தி, கதைக்கூறும் உரையாடல் மொழியும் வட்டார வழக்கும் ஆராயும் பணி நம் துறைகளில் போதிய அளவு நிகழவில்லை. மேலும் அழிவிற்கு உரியது காண்போர் பேச்சு. ஓர் ஊரில் ஒரு தொடரைப் பற்றிப் பெண்கள் என்ன பேசினர், எவ்விடத்து அழுதனர், எம்முடிவை விரும்பினர் என்பன பதிவின்றி மறைகின்றன. சங்கப் பாடலின் அலரை ஆராயும் மாணவர், தம் தெருவில் எழும் அலரைக் குறித்து வைத்தல் இழுக்கன்று. கூத்துக்களத்திற்கும் தொலைக்காட்சிக்கும் ஒருங்கே பழகிய முதியோர் இவ்வட்டாரத்தில் இன்றும் உளர். இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லவல்லார் அவரே. காலம் தாழ்ப்பின் அவ்வாய்ப்பு நழுவும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான், தொடர் காண்பார் கொள்ளும் நாணம் மூவகைக் காரணத்தால் எழுகின்றது என்பது விளங்கும். பெண்ணின் பொழுது அவளுக்குரியதன்று என்னும் எண்ணத்தால் எழுவது ஒன்று. கூட்டத்தின் ஒப்புதல் நீங்கித் தனித்துக் காணுதலால் எழுவது ஒன்று. இவ்விரண்டும் கதையின் குற்றமல்ல. ஆதலின் இவை பற்றி நாணவேண்டுவதும் இல்லை. மூன்றாவது, தூண்டிய அழுகையை முடித்துத் தாராமையால் எழுவது. இஃது ஒன்றே கலையின் குற்றம். இதற்கு நாணவேண்டியோர் கதை செய்வோரும் அதனை நீட்டுவோருமே அன்றிக் காண்போர் அல்லர்.

எனவே, "தொடர் பார்ப்பீரா?" என்று வினவுதலை விடுத்து, "எத்தொடர் கூந்தலை முடித்தது, எது முடியாது விட்டது?" என்று வினவுதலே நாம் செய்யத்தக்கது. அவ்வினாவிற்கு விடை சொல்ல மேலச்சேரிக் கூத்தும் திண்டிவனத்துப் பாரத விழாவும் கண்ட மூதாட்டியர் தகுதி வாய்ந்தவர். அவர்தம் மதிப்பீட்டினைக் கேட்டெழுதுதல் தமிழாய்வின் புறத்ததன்று, அதன் உள்ளீடேயாம்.